வெறும் வயிற்றில் வந்தவர்கள்

போன மாதம் நிவேதா போன் செய்தாள். அறந்தாங்கியில் நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், என் நாற்காலியில் இப்போது உட்காருகிறவள் அவள்.

"மேடம், போர்ட மாத்திட்டோம். கொலஸ்ட்ரால் டெஸ்டுக்கு இனிமே சாப்பிட்டுட்டே வரலாம். டாக்டர் தனியாக் கேட்டாத்தான் வெறும் வயிறு."

முப்பத்தோரு வருஷம் நான் காலை ஆறரை மணியிலிருந்து ஒன்பது மணி வரை மனிதர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியே இனி வேண்டாமாம்.

"அப்ப இத்தன வருஷம் நீங்கள்லாம் என்னதான் செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்க மேடம், படிக்கிறோம்" என்று சிரித்தாள். எழுதுகிறேன்.

திருச்சியில் ஒரு வருஷப் படிப்பு. அங்கே கல்லீரலைப் படத்தில் காட்டினார்கள். கொலஸ்ட்ராலைச் சூத்திரத்தில் காட்டினார்கள். வெறும் வயிற்றை யாரும் காட்டவில்லை. அதை எனக்குக் காட்டியவர் எங்கள் லேபின் தலைமை டெக்னீஷியன் அந்தோணிசாமி சார்.

ஒல்லியான மனிதர். அரைக்கைச் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். நீலம் எழுதுவதற்கு, சிவப்பு சந்தேகப்படுவதற்கு. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். வருகிறவருக்கு வணக்கம் சொல்லி, ஸ்டூலில் உட்காரவைத்து, ஊசியைக் கண்ணில் காட்டாமல் விசாரணையைத் தொடங்குவார். நான் சேர்ந்த முதல் வாரத்தில் கேட்டது இது.

"சாப்பிட்டீங்களா?"

"பச்சத் தண்ணி குடிக்கல சார்."

"டீ?"

"டீ குடிச்சேன்."

"டீயோட?"

"டீயோட என்ன சார், வழக்கமா உள்ளதுதான்."

"வழக்கமா உள்ளது என்னங்க?"

"ரெண்டு வடை."

"இப்ப வாயில என்னங்க?"

"வெத்தல."

சார் சிவப்புப் பேனாவை எடுத்து, படிவத்தில் 'கடைசியாக உண்டது: என்ன, எப்போது' என்ற கட்டத்தில் மூன்றையும் எழுதினார். "நாளைக்கு வாங்க" என்றார். வந்தவர் போன பிறகு என்னிடம், "இவங்க யாரும் பொய் சொல்றதில்லம்மா. நம்ம பக்கம் சோறு தின்னாத்தான் சாப்பாடு. மத்ததெல்லாம் வாய்க்கு வேலை. அதனால சாப்பிட்டீங்களான்னு கேக்கக் கூடாது. ஒவ்வொண்ணாக் கேக்கணும்" என்றார். ஒவ்வொன்று என்பது ஏழு: டீ, காபி, பால், பலகாரம், பழம், பிரசாதம், வெற்றிலை. இந்த வரிசையில்தான் கேட்க வேண்டும். பிரசாதத்தை முதலில் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

ஏழுக்கும் இல்லை என்றாலும் அவர் விடமாட்டார். ரத்தத்தைச் சுழற்றும் இயந்திரத்திலிருந்து குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். சுத்தமான வெறும் வயிறு என்றால் மேலே நிற்கும் திரவம் வெளிறிய வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும். கொழுப்பு ஏறியிருந்தால் பால் கலந்தாற்போல் இருக்கும். ஒருமுறை ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் குழாயில் ஏடு கட்டியிருந்தது.

"நேத்து யாரு வீட்டுக் கல்யாணங்க?" என்று சார் மெதுவாகக் கேட்டார்.

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"பிரியாணிங்களா?"

"பிரியாணி நேத்து சார். காலைல மிச்சந்தான்."

எந்த வேலைக்காரருக்கும் தலைவணங்குகிற சார், எந்தப் பதவிக்கும் வளையமாட்டார். பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். வரும் வழியில் ஒரு ஆரஞ்சு மிட்டாய் சாப்பிட்டதை ஆறாவது கேள்வியில் ஒப்புக்கொண்டார். சார் எழுந்து நின்று, மிகவும் மரியாதையாக, அவரைத் திருப்பி அனுப்பினார்.

இத்தனையும் பார்த்த நான்தான், ஒருநாள் ஒரே ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன் நடந்தது. ரம்யா என்ற பெண். முதல் பிரசவம், முப்பத்தைந்தாவது வாரம். கணவன் சார்ஜாவில் வேலை. வளைகாப்பு முடிந்து அறந்தாங்கிப் பக்கத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். அவளுக்கு உடம்பில் அரிப்பு. அதுவும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும். தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை, சிவப்புகூட இல்லை. சொறிந்த கீறல் மட்டும்தான். வாசல் மிதியடியில் காலைத் தேய்த்துத் தேய்த்து மிதியடி நைந்துவிட்டதாக அவளே சொன்னாள்.

இந்த அரிப்புக்கு இரண்டு வீடுகளும் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தன. ரம்யாவின் அம்மா பாக்கியம், சம்பந்தி வாங்கிவந்த கண்ணாடி வளையல் மட்டம் என்றார். மாமியார் சரசு, அரிமளத்துக்காரர், பெண் வீட்டில் வைத்த மருதாணியில் ஏதோ கலந்திருக்கிறது என்றார். இரண்டு பேரும் இதை நேருக்கு நேர் சொல்லிக்கொள்ளவில்லை. இருவரும் தனித்தனியாக எங்களிடம் சொன்னார்கள்.

மகப்பேறு பார்க்கும் டாக்டரம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டு, பித்த அமிலப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். கர்ப்பக் காலத்தில் சிலருக்குக் கல்லீரலிலிருந்து பித்தம் சரியாக வெளியேறாது. பித்த அமிலங்கள் ரத்தத்தில் தேங்கும். தாய்க்கு அரிப்போடு போய்விடும். அளவு மிகவும் ஏறினால் குழந்தைக்கு ஆபத்து. அந்த அளவைத் தெரிந்துகொள்ளத்தான் சோதனை. எங்களிடம் அதற்குக் கருவி இல்லை. காலையில் ரத்தம் எடுத்து, பிரித்து, ஐஸ் பெட்டியில் திருச்சிக்கு அனுப்பினால் மறுநாள் சாயங்காலம் முடிவு வரும்.

வயது அறுபதைத் தாண்டியும் வேலைக்கு வந்துகொண்டிருந்த சார் அன்று லீவு. ரம்யா ஏழரைக்கு வந்தாள். இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வளையல். பிரசவம் வரை கழற்றக் கூடாதாம். நான் வளையல்களை ஒவ்வொன்றாக மணிக்கட்டுப் பக்கம் தள்ளினேன். கையைக் கொஞ்சம் சாய்த்தால் அத்தனையும் சலங்கை மாதிரி திரும்பி வந்தன. கடைசியில் பாக்கியம் அம்மா ஒரு கைக்குட்டையால் கட்டிப் பிடித்துக்கொண்ட பிறகுதான் நரம்பு கிடைத்தது. இந்த அமளியில், "சாப்பிடலைல?" என்று கேட்டேன். "இல்ல சிஸ்டர்" என்றாள். எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிப் பக்கம் நிற்கும் எந்தப் பெண்ணும் சிஸ்டர்தான். நான் எழுதினேன்: உண்ணவில்லை.

மறுநாள் சாயங்காலம் டாக்டரம்மா கூப்பிட்டார்.

"ரிசல்ட் ரொம்பக் கூட இருக்கு. இது உண்மைன்னா இந்த வாரமே புள்ளைய வெளிய எடுக்கணும். முப்பத்தஞ்சு வாரந்தான் ஆகுது. பொய்யின்னா இன்னும் ரெண்டு வாரம் உள்ள இருக்கட்டும். வெறும் வயிறுதானே?"

"வெறும் வயிறுதான் டாக்டர்" என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஏழு கேள்வியில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ரம்யா, அவள் அம்மா, மாமியார் மூன்று பேரையும் வரச் சொன்னேன். சாரும் வந்திருந்தார். மூவரையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்றார். முதலில் பாக்கியம் அம்மா.

"அஞ்சு மணிக்கு ஒரு டம்ளர் சத்துமாவுக் கஞ்சி குடுத்தேன் சார். கஞ்சிதான். தண்ணி மாதிரி இருக்கும். சம்பந்தியம்மாகிட்ட சொல்லிராதீக, புள்ளத்தாச்சிக்குக் கஞ்சிதான் ஊத்துறாகளான்னு பேசுவாக."

அடுத்து சரசு அம்மா.

"முத பஸ்ஸப் புடிச்சு வந்தேங்க. தெருமுனையில வச்சு ரெண்டே ரெண்டு நெய் உருண்டை. அவங்க வீட்டுல ஒண்ணும் குடுக்காமக் கூட்டிட்டுப் போறாங்களேன்னு மனசு கேக்கல."

கடைசியாக ரம்யா. அவள் வளையலைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"முட்டை பப்ஸ் ஒண்ணு சார்."

"அது யாரு கொடுத்ததுங்க?"

"அவரு. சார்ஜாவுல இருந்து பிரெண்டுக்குப் போன் போட்டுச் சொல்லிருக்காரு. பேக்கரி வச்சிருக்காரு அந்தண்ணன். லேப் கேட்டுல கொண்டாந்து குடுத்துட்டுப் போனாரு."

"ஏம்மா, சாப்பிடலைன்னு சொன்னீங்களே" என்றேன்.

"மூணு பேரும் யாருகிட்டயும் சொல்லாதன்னாங்க சிஸ்டர். அந்த யாருல நீங்களும் இருந்தீங்க."

சார் சிவப்புப் பேனாவில் மூன்றையும் நேரத்தோடு எழுதினார். படிவத்தை என் பக்கம் தள்ளினார். டாக்டரம்மாவுக்கு நானே போன் செய்து சொன்னேன். அவர் தினமும் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்துவிடுவதாகவும், சுத்தமான ஒரு முடிவு உடனே வேண்டும் என்றும் சொன்னார்.

சார் இரண்டு சம்பந்திகளையும் உட்காரவைத்து விளக்கினார். நான் கேட்ட விளக்கங்களிலேயே நீளமானது அது.

"கல்லீரல பஸ் டிப்போன்னு வச்சுக்கங்க. கொலஸ்ட்ரால் இருக்குல்ல, அதுதான் இரும்பு. அந்த இரும்புல டிப்போக்காரங்க பஸ் கட்டுறாங்க. அதுதான் பித்த அமிலம். பஸ் குடலுக்குப் போயி, அங்க கொழுப்பச் செமக்கிற வேலையப் பாத்துட்டு, திரும்ப டிப்போவுக்கே வந்துரும். ஒரு நாளைக்குப் பல டிரிப்பு. ஒண்ணு ரெண்டு திரும்பாமப் போயிரும். அதுக்குப் பதிலா மறுபடி இரும்ப எடுத்துப் புதுசு கட்டும். உடம்புல இருக்குற கொலஸ்ட்ரால் செலவாகுற பெரிய வழி இதுதான்."

"எல்லாம் ஒரே பஸ்ஸா சார்?" என்றார் சரசு அம்மா. அரிமளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர்.

"நல்லாக் கேட்டீங்க. கோலிக்குன்னு ஒண்ணு, கீனோடீஆக்சிகோலிக்குன்னு ஒண்ணு. இது ரெண்டும் டிப்போவுல கட்டுனது. குடலுக்குப் போன எடத்துல அங்க உள்ள கிருமிங்க அதப் பிரிச்சு மாத்திக் கட்டிரும். அப்படி மாறுனதுல ஒண்ணு லித்தோகோலிக். புகை கக்குற வண்டி. கூட்டமா உள்ள வந்தா டிப்போவையே கெடுத்துரும். அர்சோடீஆக்சிகோலிக்குன்னு இன்னொண்ணு. புகையே இல்லாத வண்டி. இப்ப ஒங்க பொண்ணுக்கு டிப்போ கேட்டு சரியாத் தொறக்கல. பஸ்ஸெல்லாம் தெருவுல வந்து நிக்குது. தெருங்கிறது ரத்தம். அதான் அரிக்குது."

பாக்கியம் அம்மா சம்பந்தியைப் பார்த்தார். "அப்ப வளையல் இல்லையா?"

"மருதாணியும் இல்லங்க" என்றார் சார், இரு தரப்புக்கும் சமமாக.

"இதுக்கு மருந்து?"

"அந்தப் புகையில்லாத வண்டியத்தான் மாத்திரையாக் குடுப்பாங்க."

சரசு அம்மா யோசித்தார். "ஏற்கனவே நெரிசலு. அதுல இன்னொரு பஸ்ஸ விட்டா இன்னும் நெரிசல்தான சார் ஆகும்?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அது உள்ள வந்தா கேட்டத் தொறக்க வைக்கும்ங்க. பழசெல்லாம் வெளிய போக ஆரம்பிச்சிரும்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அத மொதமொதல்ல கரடியோட பித்தத்துல கண்டுபிடிச்சாங்க" என்றும் சொல்லிவிட்டார்.

"எங்க வீட்டுல யாரும் கரடி திங்கிறதில்ல சார்" என்றார் சரசு அம்மா.

"இப்பக் கரடிகிட்ட யாரும் போறதில்லங்க. பேக்டரியில செய்றாங்க. விஷயம் அது இல்ல. சாப்பிட்ட ஒடனே எல்லாருக்குமே பஸ்ஸெல்லாம் ஒரே நேரத்துல கெளம்பும். திருவிழா அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல வண்டிய எண்ணிட்டு, தினமும் இவ்வளவுதான்னு சொல்ல முடியுமா? அதான் வெறும் வயிறு கேக்குறோம்."

இருவரும் தலையாட்டினார்கள். சார் நம்பவில்லை. அன்றிரவு ரம்யாவை டாக்டரம்மாவின் வார்டில் தங்கவைத்தோம். காலை ஆறு மணிக்கு ஒரு நர்ஸ் அவளை நேராக லேபுக்குக் கூட்டிவந்து, சாரிடம் ஒப்படைத்தார். சம்பந்திகள் வெளி கேட்டுக்கு அந்தப்பக்கம். பேக்கரி அண்ணனுக்குத் தனியாக எச்சரிக்கை. எல்லாம் சரியாக இருந்தது, மின்சாரத்தைத் தவிர. ரத்தத்தைச் சுழற்றும் இயந்திரம் இன்வெர்ட்டரில் ஓடாது. எடுத்த ரத்தம் காத்திருக்கக் கூடாது. அதனால் ரம்யா காத்திருந்தாள். சார் காவல் இருந்தார்.

ஏழே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. நான் வளையல்களோடு மல்லுக்கட்டி ரத்தம் எடுத்து, குழாயில் பெயர் ஒட்டி, படிவத்தைப் பார்த்தேன். 'கடைசியாக உண்டது' கட்டத்தில் சாரின் கையெழுத்து, சிவப்பில்: இட்லி இரண்டு, தேங்காய்ச் சட்னி. காலை 7.10. கொடுத்தவர்: அந்தோணிசாமி.

நிமிர்ந்து பார்த்தேன். சார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"'சார், பசிக்குது'ன்னா. உள்ள இருக்குறதும் ஒதைக்குதுன்னா. என் டிபன் பாக்ஸு மேசை மேல இருந்துச்சு" என்றார். மிட்டாய்க்காக ஜீப்பைத் திருப்பி அனுப்பிய மனிதர். "மூணாவதும் கேட்டா. அது மட்டும் குடுக்கல."

குழாயைக் கொட்டினோம். இன்னொரு நாள் போயிற்று. டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன். "நாளைக்கும் கிடைக்கலைன்னா மொத ரிசல்ட்ட நம்பி எடுத்துர வேண்டியதுதான். அதுக்கு மேல என்னால காத்திருக்க முடியாது" என்றார்.

இதை ரம்யாவிடம் நான்தான் சொன்னேன். மூன்று நாளாகச் சிரித்துச் சமாளித்தவள், அப்போது சிரிக்கவில்லை. வயிற்றின் மேல் கை வைத்தபடி எழுந்து கேட்டுக்குப் போனாள். அங்கே இரண்டு அம்மாக்களும் ஆளுக்கொரு தூக்குவாளியோடு நின்றிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. கொலசாமிக்கு நேந்துக்கிட்டேன். நாளைக்கு ரத்தம் குடுக்குற வரைக்கும் நான் வெரதம். தண்ணியத் தவிர ஒண்ணும் கெடையாது. யாராச்சும் என் வாயில எதையாச்சும் வச்சீங்க, சாமிகுத்தம் அவுகளுக்குத்தான்."

இரண்டு தூக்குவாளிகளும் முதுகுக்குப் பின்னால் போயின.

எங்கள் போர்டு செய்யாததை, சாரின் ஏழு கேள்வியும் செய்யாததை, அந்த ஒரு வார்த்தை செய்தது. சம்பந்தி விரதம் இருக்கும்போது நான் மட்டும் சாப்பிட்டேன் என்று பெயர் வந்துவிடக் கூடாது என்று பாக்கியம் அம்மாவும் விரதம். அதே காரணத்துக்காக சரசு அம்மாவும் விரதம். அவர் அன்று ஊருக்குப் போகவில்லை. பாக்கியம் அம்மாவை நேரில் கண்காணிக்க அங்கேயே தங்கிவிட்டார். சார்ஜாவிலிருந்து கணவனும் சேர்ந்துகொண்டான். அவன் அனுப்பிய செய்தியை ரம்யா காட்டினாள்: 'விரதம் சார்ஜா நேரப்படியா, அறந்தாங்கி நேரப்படியா?' அவள் பதில்: 'ரெண்டும்.'

மறுநாள் ஆறரைக்கு மூவரும் வந்தார்கள். சார் ஏழு கேள்விகளையும் கேட்டார். மூன்று பேரும் சேர்ந்து பதில் சொன்னார்கள். ஏழும் இல்லை. சிவப்புப் பேனா பைக்குள்ளேயே இருந்தது. குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வெளிறிய வைக்கோல், கண்ணாடி மாதிரி. கொஞ்ச நேரம் கீழே வைக்க மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், வெரதம் வீணாப் போகக் கூடாது. எங்களுக்கும் கொழுப்பு டெஸ்டு எடுத்துருங்க" என்றார் சரசு அம்மா. எடுத்தோம். இருவருக்கும் கொலஸ்ட்ரால் அதிகம். யாருக்கு அதிகம் என்று இருவரும் கேட்டார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று சார் சொன்னார். அது ஒன்றல்ல. என் கணக்கில் அவர் சொன்ன ஒரே பொய் அது.

மறுநாள் சாயங்காலம் திருச்சியிலிருந்து முடிவு வந்தது. இருக்க வேண்டியதைவிட அதிகம். ஆனால் டாக்டரம்மா பயந்த கோட்டுக்கு நன்றாகக் கீழே. நோய் இருக்கிறது, மாத்திரையும் வேண்டும், ஆனால் அவசரமாக வெளியே எடுக்க வேண்டாம். "ரெண்டு வாரம் கெடச்சுது" என்றார் டாக்டரம்மா. அன்று எனக்குத் தூக்கம் வந்தது.

புகையில்லாத வண்டி தினமும் வேளாவேளைக்கு உள்ளே போனது. ஒரு வாரத்தில் அரிப்பு குறைந்தது. மிதியடியை மாற்றினார்கள். அடுத்தடுத்த பரிசோதனைகளுக்கும் மூவரும் விரதமாகவே வந்தார்கள். முப்பத்தேழு வாரம் முடிந்ததும் புதுக்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, வலி வரவைத்து, பெண் குழந்தை. எடை சரியாக இருந்தது. அழுகையும் சரியாக இருந்தது.

மறுநாள் நான் பார்க்கப் போனேன். கட்டிலின் இரு பக்கமும் இரண்டு சம்பந்திகள். ஆளுக்கொரு கையில் சிறு கிண்ணம், சர்க்கரைத் தண்ணீர். குழந்தைக்குச் சேனை வைக்க வேண்டும். முதன்முதலில் நாக்கில் இனிப்புத் தொட்டு வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். யார் வைப்பது என்பது முடிவாகவில்லை. தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்று நர்ஸ் இரண்டு முறை சொல்லிவிட்டுப் போயிருந்தாராம்.

"ஒரு சொட்டுதான்" என்றார் பாக்கியம் அம்மா.

"அது தண்ணிதான சிஸ்டர்" என்றார் சரசு அம்மா, என்னைப் பார்த்து.

ரம்யா கண்ணைத் திறக்காமலே குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இவ ஆறு மாசத்துக்கு வெரதம்" என்றாள். "பால் மட்டுந்தான். நேந்துக்கிட்டேன்."

கிண்ணங்கள் இரண்டும் அந்தரத்தில் நின்றன. சம்பந்திகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, வேறு வழி தெரியாமல், இரண்டையும் என் பக்கம் நீட்டினார்கள். எதை முதலில் வாங்கினாலும் வம்பு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் வாங்கி, இரண்டையும் குடித்தேன். கடைசியாக உண்டது: சர்க்கரைத் தண்ணீர், காலை 11.20.